கால்நடைப் பதிவேட்டில் ஒரு மொபெட்

புங்கவலசு போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில், சந்தை கூடுகிற ஒரு திங்கட்கிழமை முற்பகலில், ஜனமெல்லாம் காய்கறிப் பையும் கையுமாகக் காம்பவுண்டுச் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து மாதமாகக் கேட்க நாதியில்லாமல் கிடந்த நீல மொபெட் ஒன்று கன்று போட்டது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அது எப்படி, எதனால் என்று நோண்டுவார்கள். உள்ளூரில் ஒரு குஞ்சு குளுவான்கூட அப்படிக் கேட்கவில்லை, காளையா கிடாரியா என்றுதான் கேட்டார்கள். கிடாரிதான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு சக்கரம், விரல் பருமனுக்கு ஒரு ஹேண்டில்பார், வெளிச்சத்துக்குக் கூசுகிற ஒரு சின்ன ஹெட்லைட், எல்லாம் ஈரமும் எண்ணெயுமாக மினுங்கியது. விழுந்த பத்தாவது நிமிடம் தட்டுத்தடுமாறி எழுந்து நின்று, தாயின் பெட்ரோல் டியூபைத் தேடி முட்டியது.

அதைக் கண்டு பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவள் ஏட்டு கலாமணி. அந்த ஸ்டேஷனின் ரைட்டர் அவள்தான். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். யாரோ தொலைத்து யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுக்கிற பொருளையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி, சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து, கோர்ட்டுக்குத் தகவல் எழுதி, ஆறு மாதம் விளம்பரம் ஒட்டி, உரியவர் வந்தால் கையெழுத்து வாங்கி ஒப்படைத்து, வராவிட்டால் ஏலத்துக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. பஸ்ஸில் விட்ட குடை, கல்யாண மண்டபத்தில் விட்ட பல்செட், ஆற்றங்கரையில் யாரோ மறந்துபோன நாதஸ்வரம் என்று பதினோரு வருடமாக ஊரின் மறதி முழுக்க அவள் கைவழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் வந்தாலும் அதில் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் மனசுக்குள் வைத்துக்கொள்வாள். பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு எவனாவது வந்து ஒப்பித்தாலும் அந்த ஒன்றில் வசமாக மாட்டிக்கொள்வான். அந்தப் பல்செட்டுக்கே மூன்று பேர் வந்து மாட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கறாரான கலாமணி செய்த ஒரே தப்பு அந்த மொபெட் விஷயத்தில்தான், அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. தை மாதம் மாட்டுப் பொங்கலன்று காலை, ரோந்து போன காவலர் ஒருவர், ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் புங்க மரத்தடியில் தனியாக நின்றது என்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். நம்பர் பிளேட்டில் எழுத்து என்று ஒன்று இருந்த தடயமே இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பால் கேன், கேனில் பால் ததும்பத் ததும்ப, ஹெட்லைட்டில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, ஹேண்டில்பார் நுனி இரண்டிலும் மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற மாதிரியே பச்சையும் சிவப்புமாகப் பெயிண்டு. வண்டிப் பதிவேடு அன்றைக்கென்று பார்த்துச் சரிபார்ப்புக்காகக் கோர்ட்டில் இருந்தது. கலாமணி அலமாரியைத் துழாவினாள், அடித்தட்டில் ‘திரிந்த கால்நடைப் பதிவேடு’ அகப்பட்டது. முன்னொரு காலத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மாட்டுப் பவுண்டு இருந்தபோது, தெருவில் கட்டறுத்துத் திரிகிற மாட்டைப் பிடித்து அடைத்துவிட்டு எழுதுகிற புத்தகம் அது. நாலு நாளைக்குத்தானே, அப்புறம் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று அதையே விரித்துவிட்டாள்.

விரித்தவள் கட்டங்களைச் சும்மா விடுவாளா? வெற்றுக் கட்டம் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. நிறம்: நீலம். கொம்பு: இரண்டு, வர்ணம் பூசியது. வால்: குட்டை. சுழி: நெற்றியில் ஒன்று, அது ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த ஒடுக்கு. குணம்: சாது. கறவை: உண்டு, கேனில்தான் பால் இருக்கிறதே. அடுத்த கட்டம் சினை. கலாமணி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். இல்லை என்று எழுத அவளிடம் ஆதாரம் கிடையாது, ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை எழுதுகிற பழக்கமும் கிடையாது. ஆகவே ‘தெரியவில்லை’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.

வண்டிப் பதிவேடு திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் தாலுகா ஆபீசிலும் பஸ் ஸ்டாண்டிலும் விளம்பரம் ஒட்டியாகிவிட்டது, தண்டோராவும் போட்டாகிவிட்டது, மொபெட்டும் மெல்ல மாட்டுக் குணத்துக்கு வந்துவிட்டது. வெயில் ஏறினால் தானாக நகர்ந்து, வளாகத்தில் துருப்பிடித்துக் கிடந்த மணல் லாரியின் நிழலில் போய் நின்றது. ஈ மொய்த்தால் பின் மட்கார்டை ஆட்டியது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தரம் நீளமாக ஹாரன் அடித்தது. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்த பிறகும் அடித்தது. பேட்டரி இல்லாமல் அடிக்கிறதே என்று ஒருவரும் வியக்கவில்லை, பாரா காவலர்கள் அதைக் கேட்டு டூட்டி மாற்றிக்கொண்டார்கள். ஸ்டேஷனை ஒட்டி யூனிபார்ம் இஸ்திரி போடுகிற மணியக்கா, வடித்த கஞ்சியை இரண்டொரு தரம் வைத்துப் பார்த்து, விளக்கெண்ணெய்தான் அதற்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதத்தில் அது கன்று போட்டது. சந்தையிலிருந்து மாட்டுத் தரகர் ராக்கியண்ணனைக் கூட்டி வந்தார்கள். அவர் துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசியே தலை நரைத்தவர். தாயையும் கன்றையும் சுற்றி வந்து, சைலன்சரைத் தடவிப் பார்த்து, தலைச்சன் ஈத்து, சுகப்பிரசவம் என்று சொன்னார். கன்றுக்குப் பின்னால் வந்து விழுந்த பழைய செயினையும் டியூபுத் துண்டையும் நாய் இழுக்காமல் வைக்கோலில் பொதிந்து, எதிர்த்த டீக்கடை ஆலமரத்தில் உயரக் கட்டச் சொன்னார், அப்போதுதான் கறவை நிற்குமாம். அதற்கு ஏணி பிடித்தது யார் தெரியுமா, சாட்சாத் சப் இன்ஸ்பெக்டர் தேவசகாயம்.

தேவசகாயம் நாகர்கோவில் பக்கத்து மனிதர், ஒழுங்கு பார்ப்பவர். மொபெட் கன்று போட்டதில் அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பதிவேட்டில் ஒன்று என்று இருக்க வாசலில் இரண்டு நிற்கிறதே என்பதுதான் அவர் கவலை. ஆனால் கன்று இருக்கிறதே, அது பொல்லாத கழுதை. மூன்றாம் நாளே படியேறக் கற்றுக்கொண்டு, புகார் கொடுக்க வந்தவர்கள் காலுக்கிடையில் நுழைந்து, லாக்கப் கம்பியில் ஹேண்டில்பாரைச் சொறிந்து, கடைசியில் எஸ்.ஐ. மேஜைக்கு அடியில் அவர் பூட்ஸின் மேலேயே முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தது. ‘கீ’ என்று மெல்லிசாக ஒரு ஹாரன், அதைக் கேட்டால் கோபமாக வந்தவனுக்குக்கூடக் குரல் இறங்கிவிடும். வரப்புத் தகராறு என்று அரிவாளோடு வந்த அண்ணன் தம்பி இருவர், அரிவாளை மூலையில் சாத்திவிட்டுக் கன்றுக்குச் சங்கில் பெட்ரோல் புகட்டிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆனி மாதம் புங்கவலசு ஸ்டேஷனில் பதிவான வழக்குகளை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம், அவ்வளவு நல்ல மாதம்.

நல்லது நடக்கிற இடத்தில் ஒரு முள் இருக்கத்தானே வேண்டும். ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி, உரிமை கோராத பொருள் ஏலம். உரியவர் வராத வண்டிகளை அன்றைக்கு எடைக்கு நிறுத்து இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். மணல் லாரி முதல் மொபெட் வரை யாருக்கும் விதிவிலக்கில்லை. தாய் இரும்புக்குப் போனால் பால் மறக்காத கன்று என்ன ஆகும் என்று கலாமணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பொருளை உரியவர் கையில் சேர்ப்பதுதான் தன் உத்தியோகம் என்று நினைத்திருந்தவள் அவள். ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு பொருளும் அவளுக்குத் தோல்விதான். ஆனால் மற்றவையெல்லாம் குடையும் பெட்டியும். இது அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறது.

கன்று போட்ட சேதி பரவியதும் அதுவரை எட்டிப் பார்க்காத உரிமையாளர்கள் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பி வந்தார்கள். மொத்தம் பதினேழு பேர். ஒருவர் மொபெட்டுக்கு லட்சுமி என்று பேர் வைத்ததாகச் சொல்லிக் கட்டிப் பிடித்தார், அது மட்கார்டால் அவர் முழங்காலில் ஒன்று வைத்தது. ஒருவர் எதிலோ சுற்றி ஒரு ஆர்.சி. புத்தகம் கொண்டுவந்தார், பார்த்தால் டிராக்டருடையது. பக்கத்து ஊர்க் கோயில்காரர்கள், அதிசயம் எங்கே நடந்தாலும் அது சாமி சொத்துதான் என்று ஒரே போடாகப் போட்டார்கள். எல்லாரிடமும் கலாமணி அதே கேள்வியைத்தான் கேட்டாள்: பதிவேட்டில் இல்லாத ஓர் அடையாளம் சொல்லுங்கள். சீட்டுக் கிழிசல் என்றார்கள், கண்ணாடி விரிசல் என்றார்கள், தலையைச் சொறிந்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவே தாய் பால் அடக்க ஆரம்பித்தது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, குலுக்கினால் சத்தம் கேட்கிறது, ஆனால் டியூபில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கன்று முட்டி முட்டிப் பார்த்து ஓய்ந்து நின்றது. பளபளவென்று இருந்த அதன் பெயிண்டு மங்கி, ஒரு வாரத்தில் ஸ்போக்ஸ் எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. சங்கில் புகட்டினால் கொஞ்சம் குடித்து மீதியைக் கக்கியது. ராக்கியண்ணன் வந்து பார்த்துவிட்டு, நோய் நொடி ஒன்றுமில்லை, கைப்பழக்கம் கண்ட மாடு ஆளை நினைத்து ஏங்கினால் இப்படித்தான் மடியை இறுக்கிக்கொள்ளும், உரிய ஆள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் தன்னால் சுரக்கும் என்றார். எஸ்.ஐ. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டி.எஸ்.பி. அடுத்த வாரம் பதிவேடுகளைப் பார்வையிட வருகிறார், ஏலமும் அவர் முன்னிலையில்தான் என்று ஓலை வந்தது. எஸ்.ஐ. கலாமணியைக் கூப்பிட்டு, கால்நடைப் பதிவை அடித்துவிட்டு அதற்குள் வண்டிப் பதிவேட்டில் ஏற்றிவிடு, இல்லையென்றால் மெமோ வரும், உன் பதவி உயர்வு கெடும், எனக்கும் மனசு கேட்காது என்று நயமாகத்தான் சொன்னார். கலாமணி சரியென்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வண்டிப் பதிவேட்டை விரித்தாள். முதல் கட்டம் ஆர்.சி. எண், அடுத்தது உரிமையாளர் பெயர், அடுத்தது இன்சூரன்ஸ். நிரப்ப அவளிடம் ஒன்றுமே இல்லை. மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கன்றுக்குச் சங்கு புகட்ட உட்கார்ந்திருந்தபோது மொபெட் வழக்கம்போல ஹாரன் அடித்தது. கலாமணி அன்றைக்குத்தான் அதன் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். கட்டிப் பூட்டியிருந்த சங்கிலி விண்ணென்று இழுபட, முன்சக்கரம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. டியூப் நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டு அரும்பி விழுந்தது. கலாமணி தலையைத் தூக்கினாள். ரோட்டில், தலையில் ஒரு கேனும் கையில் ஒரு கேனுமாக டீக்கடைக்குப் பால் ஊற்றுகிற மாராத்தாள், ஸ்டேஷன் பக்கமே பார்க்காமல் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அவள் தாண்டிப் போனதும் சொட்டு நின்றுவிட்டது.

அட, இத்தனை நாள் அவள் ஊற்றின பாலில்தானே டீ குடித்தோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டு கலாமணி ரோட்டைத் தாண்டி ஓடினாள். மாராத்தாளுக்கு நாற்பது வயதிருக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து வருகிறவள். கேனை இறக்கி டீக்கடைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவள், காக்கியைக் கண்டதும் கால் படி பாலைத் தரையில் விட்டாள்.

“மாராத்தா, அது உன்ற வண்டிதானே?”

“எனக்கு வண்டியே இல்லீங்க ரைட்டரம்மா. நடந்துதானுங்களே ஊத்தறேன்.”

“அப்புறம் அது என்னத்துக்கு உன்னைக் கண்டாக் கத்துது?”

அந்த நேரம் பார்த்து மொபெட் மறுபடி ஒரு தரம் ஹாரன் அடித்தது. மாராத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று பால் ஊற்ற வரும் வழியில் வயிற்று வலி தாங்காமல் புங்க மரத்தடியில் விழுந்ததையும், யாரோ புண்ணியவான்கள் காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்க் குடல்வால் ஆபரேஷன் செய்ததையும், திரும்பி வந்து பார்த்தால் வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குள் நின்றதையும் விக்கி விக்கிச் சொன்னாள். வந்து கேட்க வேண்டியதுதானே என்று கலாமணி கேட்டாள்.

“புக்கு இல்லீங்க. நாலு கை மாறி என்ற கைக்கு வந்த வண்டி. மொதல்ல வாங்குனவரு செத்தே போயிட்டாருங்க. என்ற வண்டின்னு உள்ள வந்து நின்னா, புக்கு எங்கேம்பீங்க, லைசென்சு எங்கேம்பீங்க. நான் எங்கீங்க போவேன்? அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். அது கூப்புடறது காதுல விழுகாமயா இருக்குது?”

கலாமணி ஸ்டேஷனுக்குத் திரும்பப் போனாள். பதிவேட்டை ஸ்டேஷன் வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவரக் கூடாது என்பது விதி. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அதை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, டீக்கடைப் பெஞ்சில் விரித்து வைத்தாள்.

“படி. இதுல புக்குன்னு எங்கியாச்சும் ஒரு கட்டம் இருந்தாக் காட்டு.”

மாராத்தாள் கண்ணைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிறம் படித்தாள், கொம்பு படித்தாள், சுழி படித்தாள். மாடு வைத்திருப்பவளாகையால் ஒவ்வொன்றுக்கும் சரிதான் என்று தலையாட்டினாள். சினை என்ற கட்டத்துக்கு வந்து, தெரியவில்லை என்றிருந்ததைப் பார்த்ததும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். மார்கழியிலேயே மேட்டில் ஏற வண்டி கொஞ்சம் பாரமாகத்தான் இழுத்ததாம், அவளுக்கு அப்போதே சந்தேகமாம்.

எழுதாமல் வைத்திருந்த அடையாளத்தைக் கலாமணி அப்போது கேட்கவில்லை. அது பத்துப் பேர் முன்னால், அதிகாரி முன்னால் கேட்க வேண்டியது. முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நாக்கு நுனிக்கு வந்தது, வந்ததை விழுங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்துவிடு, பயப்படாதே என்று மட்டும் சொன்னாள். ஆனால் பயம் முழுக்க அவளுக்குத்தான். மாராத்தாளுக்கு அது ஞாபகம் இல்லாமல் போனால்? அப்படி ஒன்று இருப்பதே அவள் கண்ணில் பட்டிருக்காவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை இரும்புக் கடைக்காரர் தராசும் லாரியுமாக வந்துவிட்டார். ஊரும் வந்துவிட்டது, பதினேழு உரிமையாளர்களும் வந்துவிட்டார்கள். மாராத்தாள் எல்லாருக்கும் பின்னால், பால் கேனைக் கீழே வைக்காமல் நின்றாள். டி.எஸ்.பி. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிற மனிதர். வரிக்கு வரி ஸ்கேலை வைத்து நகர்த்திப் படிக்கிறவர், கமா இல்லாததற்குக்கூட விளக்கம் கேட்கிறவர் என்று ஜில்லாவெங்கும் பேர். கால்நடைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அவர் படித்து முடிக்கும் வரை கன்று அவர் பூட்ஸை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. முன்னால் வந்து, பதிவு தவறான புத்தகத்தில் ஏறிவிட்டது, அனுமதி கொடுத்தால் இப்போதே அடித்து மாற்றி எழுதிவிடலாம் என்றார்.

“முத்திரை குத்தி, ஆறு மாசம் ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டின பதிவை இன்னிக்கு அடிக்கிறதா?” என்றார் டி.எஸ்.பி. “அப்புறம் போலீஸ் எழுத்தை எவன் நம்புவான்? மாடுன்னு எழுதியிருந்தா மாடுதான். மாட்டை எடைக்கு விக்க முடியாது. உரியவங்க வந்திருந்தா அடையாளம் கேளுங்க.”

இரும்புக் கடைக்காரர் வாயைத் திறந்தார், யாரோ அவர் தோளைத் தட்டி மூட வைத்தார்கள். கலாமணி ஒவ்வொருவராகக் கேட்டாள். பதினேழு பேரும் பதினேழு பொய் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். பதினெட்டாவதாக மாராத்தாள் வந்து நின்றாள். கலாமணி கேட்டாள். மாராத்தாளுக்கு எதிரே இத்தனை காக்கியையும் நட்சத்திரத்தையும் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கலாமணி மறுபடி கேட்டாள். அடியே சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அப்போது கன்று டி.எஸ்.பி.யின் பூட்ஸை விட்டுவிட்டு மெல்ல உருண்டு வந்து, மாராத்தாளின் சேலைத் தலைப்பை தன் மூஞ்சியால் முட்டி, ‘கீ’ என்றது. அவள் குனிந்து அதன் ஹேண்டில்பாரைத் தொட்டாள். தொட்டதும் பேச்சு வந்துவிட்டது.

“வலது கைப்பிடி ரப்பர்ல, அடிப்பக்கமாப் பல்லுத் தடம் இருக்குமுங்க. நாலு பல்லு. என்ற புள்ள ஹேமாவோடதுங்க. வீட்டுல வெச்சுப் பாக்க ஆளில்லாம, துண்டுல வயித்தோட கட்டிக்கிட்டுத்தான் பால் ஊத்தப் போவேன். பல்லு மொளைக்கிற வயசு, ஊறலெடுத்து வழியெல்லாம் அதையே கடிச்சுக்கிட்டு வரும். இப்ப பன்னெண்டாவது படிக்குதுங்க.”

டி.எஸ்.பி. ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்து, முட்டி போட்டு, கைப்பிடிக்கு அடியில் விரலை ஓட்டினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார், விரலை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்று ஊரார் இன்றைக்கும் சொல்வார்கள். எழுந்து, பவுண்டில் கடைசி வழக்கம் ஒன்று உண்டே, அதையும் செய்துவிடுங்கள் என்றார். ராக்கியண்ணனுக்கு அது தெரியும்: கட்டை அவிழ்த்துவிட வேண்டும், மாடு யாரிடம் போகிறதோ அவர்தான் உரியவர்.

கலாமணி சங்கிலிப் பூட்டைத் திறந்தாள். மாராத்தாள் “பா... பா...” என்று மாட்டைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். ஆறு மாதம் அந்த வளாகத்தைத் தாண்டாத மொபெட், ஸ்டாண்டை உதறிக்கொண்டு, தரகரையும் தாண்டி, எஸ்.ஐ.யையும் தாண்டி, கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட நேராக அவளிடம் போய், ஹெட்லைட்டை அவள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றது. நின்ற மாத்திரத்தில் டியூபில் சரசரவென்று சுரப்பு இறங்கியது. கன்று ஓடி வந்து வாய் வைத்து, சைலன்சர் விம்மும் வரைக்கும் குடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கலாமணி பதினோரு வருட உத்தியோகத்தில் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கன்று யாருக்கு என்று எஸ்.ஐ. சந்தேகம் கேட்டார், தாயோடு போகும், இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்பீரா என்றார் டி.எஸ்.பி. அன்று சாயங்காலம் வரை எஸ்.ஐ. மேஜைக்கு அடியில் காலை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மாட்டை வளர்த்தவருக்குப் பங்காகக் கன்று கொடுக்கிற வழக்கப்படி அடுத்த ஈத்து ஸ்டேஷனுக்குத்தான் என்று மாராத்தாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்படி வாங்க விதியில் இடமில்லை என்று கலாமணி சொன்னதற்கு, வரட்டும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

எல்லாம் சுபமாக முடிந்தும் கலாமணிக்கு மெமோ வந்தது. தவறான பதிவேட்டில் எழுதியதற்கு இல்லை. அதைப் பற்றி டி.எஸ்.பி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சினை என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியது பொறுப்பற்ற செயல், இனிமேல் ஆம் அல்லது இல்லை என்று திட்டவட்டமாக எழுத வேண்டும் என்று கண்டித்திருந்தார். கலாமணி அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி வைத்தாள்.

அடுத்த வாரம் காவலர் ஒருவர், ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று பழைய தையல் மெஷின் ஒன்றைச் சுமந்து வந்து இறக்கினார். தாயும் கன்றும் அப்போதுதான் பால் ஊற்றிவிட்டு வாசலைக் கடந்து போயின; இரண்டு ஹாரனும் கேட்டன, எஸ்.ஐ. ஜன்னலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார். கலாமணி கண்டெடுத்த பொருள் பதிவேட்டை விரித்தாள். முதல் கட்டம், வாங்கிய ரசீது. அவள் மெஷினைப் பார்த்தாள். சக்கரத்துக் கைப்பிடி, ஒரே கை பல வருடம் பிடித்துச் சுற்றியதில் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இதற்குச் சொந்தக்காரி எவளோ, அவளிடம் ரசீதாவது ஒன்றாவது. அந்தத் தேய்மானத்தை மட்டும் எழுதாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு, கலாமணி அந்தப் பதிவேட்டை மூடினாள். அடித்தட்டிலிருந்து கால்நடைப் பதிவேட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினாள். நிறம்: கருப்பு. கொம்பு: இல்லை. குணம்: சாது. கறவை: உண்டு. சினை என்ற கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு அடியில் இருந்த மெமோவை ஒரு தரம் படித்தாள். பிறகு, திட்டவட்டமாக, ‘ஆம்’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.